இக்கட்டடம் விற்பனைக்கு

1964 அக்டோபர் 12, திங்கள்

இன்று அண்ணன், செல்லசாமியின் முன்பல் ஒன்றைக் கழற்றினான். அடித்தது அவன். குற்றவாளி நான். ஆயுதம் ஒரே ஒரு எழுத்து.

எங்கள் கட்டடத்தில் கீழே நாலு கடை அறைகள். ஒன்றில் அப்பாவின் துணிக்கடை. தையல் மிஷினும் அங்கேதான். மற்ற மூன்றும் வாடகைக்கு. மேலே நாங்கள் இருக்கிறோம். அக்கரப்பத்தனை பஜாரில் மாடி வைத்த தமிழன் என் அப்பா சோலைமலை மட்டும்தான் என்று அம்மா வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வாள்.

செல்லசாமி வாடகைக்காரர்களில் ஒருவர். தேத்தண்ணிக் கடை. வாசலில் சோக்குக் கட்டியால் எழுதி வைத்திருப்பார்: 'இங்கே நல்ல பால் தேத்தண்ணி கிடைக்கும்.' பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் அந்த 'ல்'லை அழித்து 'ழ்' போட்டேன். நல்ல பாழ் தேத்தண்ணி. மேலே புள்ளியை என் பாணியில் குட்டி வட்டமாக வைத்தேன். கலைஞர்கள் கையெழுத்துப் போடுவதில்லையா?

பின்னேரம் திரும்பி வரும்போது செல்லசாமி கரண்டியோடு நின்றார்.

"ஏய் நாகு! பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டுக் கொழுப்பா?" விரல் மொட்டிகளில் நாலு. நான் கத்திய கத்தில் அண்ணன் கந்தப்பன் கடைக்குள்ளிருந்து பாய்ந்து வந்து, ஒரே குத்து. பல் எச்சில் கிளாசுக்குள் போய் விழுந்தது. செல்லசாமி கொதிதண்ணீர்க் கேத்தலைத் தூக்கினார். நல்லவேளை, அப்பா நடுவில் வந்தார்.

பிறகு எங்களை மேலே கொண்டுபோய்க் கஜக்கோலை எடுத்தார். கஜத்துக்கு மூன்று அடி. ஆளுக்கு இரண்டு கஜம் போட்டார்.

"வாடகைக்காரன அடிக்கிறது நம்ம செவத்த நாமளே இடிக்கிற மாதிரிடா!" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னார். அளந்து அடிப்பதில் அப்பாவுக்கு நிகரில்லை.

அக்டோபர் 15

மொட்டி வீக்கம் வற்றவில்லை. செல்லசாமி இப்போது 'சோலைமலை' என்று சொல்லும்போது 'ச' விசிலடிக்கிறது.

அக்டோபர் 24, சனி

அட்டனிலிருந்து கணேசமூர்த்தி முதலாளியின் கடிதம். டிசம்பர் 31 கடன் தவணை முடிகிறதாம். பள்ளிக்கூடத்தில் தவணை முடிந்தால் எனக்குப் பரீட்சை. அப்பாவுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

இன்றுதான் முழுக் கதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பத்து வருஷத்துக்கு முன் தேயிலை நல்ல விலைக்குப் போன நேரம். சம்பள நாளில் பஜாரில் கால் வைக்க இடமிருக்காதாம். அப்போது கட்டடம் முப்பதாயிரம் பெறும் என்று மதித்து, அதை முதலாளியிடம் ஈடு வைத்துப் பதினாலாயிரம் வாங்கித்தான் அப்பா மாடி கட்டினார்.

"அந்தப் பதினாலாயிரத்தத் திருப்பிக் குடுத்துட்டீங்களாப்பா?"

"அத யாரும்மா குடுக்குறா? வட்டியக் கட்டிக்கிட்டு வருவோம். தவணை முடிஞ்சா பழைய உறுதியக் கிழிச்சிட்டுப் புது உறுதி எழுதுவோம். அவருக்கு வட்டி வேணும், நமக்கு வீடு வேணும்."

"அவரு புதுசா எழுதமாட்டேன்னுட்டா?"

உச்சந்தலையில் ஒரு குட்டு. "கரிநாக்கு."

காணிப் பத்திரத்துக்கு உறுதி என்று பேர் வைத்தவன் பெரிய பகிடிக்காரன். உறுதி அவர் பெட்டியில் இருக்கிறது. நாங்கள் உறுதியில்லாமல் மாடியில் இருக்கிறோம்.

அக்டோபர் 31, சனி

இன்று பஜாரில் முதல் இரத்தம்.

எங்கள் மூன்றாவது அறையில் மாயாண்டியின் சலூன். றேடியோ அங்கேதான் இருக்கிறது. டில்லியில் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். எங்களைப் போன்ற தோட்டத்துத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு. மூன்று லட்சம் பேர் இங்கே. யார் போவது, யார் இருப்பது என்று றேடியோ சொல்லவில்லை.

மாயாண்டி கேட்டுக்கொண்டே சவரம் செய்ததில் ஒருவர் கன்னத்தைக் காதுவரைக்கும் கிழித்துவிட்டார். கிழிபட்டவர் எழுந்து, சோப்பும் இரத்தமுமாக, கண்ணாடியைத் தூக்கி மாயாண்டியின் தலையில் உடைத்தார். இரண்டு பேரும் அடித்துக்கொண்டது ஒப்பந்தத்தைத்தான். கையில் கிடைத்தது அவரவர் முகம்.

செல்லசாமி வாசலில் நின்று சொன்னார், "தோட்டத்து லயத்துல பாதிப் பேரு போயிட்டா, இந்தப் பஜாரு யாருக்குடா?"

பகிடி ஒன்று தோன்றியது. சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்.

நவம்பர் 7, சனி

தீபாவளி வந்து போனதே தெரியவில்லை. வழக்கமாக அப்பா மூன்று கிழமை தூங்காமல் தைப்பார். இந்த முறை தோட்டத்து ஆட்கள், "போற எடத்துல எடுத்துக்கலாம்" என்று சொல்லித் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாலாவது அறைப் பாத்திரக் கடைக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மாதம் நாற்பத்தைந்து ரூபாய் போயிற்று.

இன்னொன்று. என் நாய்க்கு நான் வைத்த பேர் துரை, தோட்டத்துப் பெரிய அதிகாரியைக் கூப்பிடுகிற அதே பேர். 'துரைக்கு எலும்பு போட்டாச்சா?' 'துரை நடுரோட்டில் ஒன்றுக்குப் போகிறார்' என்றெல்லாம் சத்தமாகச் சொல்லலாம். தோட்டத்தில் வேலை வாங்குகிற எந்தக் கண்டாக்கும் ஒன்றும் பண்ணமுடியாது. இன்று துரை வடைத் தட்டில் வாய் வைத்தான். செல்லசாமி கொதிதண்ணீரை அவன் முதுகில் ஊற்றினார். தோல் பழத்தோல் மாதிரி உரிந்து வந்தது. அவன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

செல்லசாமி, உன்ன விடமாட்டேன். எழுதி வச்சிக்கிறேன். விடவே மாட்டேன்.

நவம்பர் 10, செவ்வாய், சம்பள நாள்

செய்தேன்.

தேயிலைப் பெட்டி மூடி ஒன்று. அப்பாவின் கடைப் பலகைக்கு எழுதி மிஞ்சிய கறுப்புப் பெயிண்ட். முதலில் 'இக்கடை விற்பனைக்கு' என்று எழுதலாமென்றுதான் இருந்தேன். அப்போது மண்டைக்குள் மின்னியது. இக்கட்டடம்! பிரித்தால் இக்கட்டு + அடம். செல்லசாமிக்கு இக்கட்டு, அவர் குணம் அடம். இப்படி ஒரு சொல் கிடைத்தால் யாராவது விடுவார்களா?

'இக்கட்டடம் விற்பனைக்கு. உடன் விசாரிக்கவும்.'

புள்ளிகளெல்லாம் குட்டி வட்டம். அவர் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்துக் கதவுப் பலகை ஆணியில் மாட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். தண்ணீர்த் தகரத்தைச் சுமந்துகொண்டு குனிந்தபடி உள்ளே போனவர் பார்க்கவில்லை. பத்து மணிக்குமேல் சம்பளம் வாங்கி வந்தவர்கள் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியாதது ஒன்று: தோட்டத்துப் பெண்கள் நாற்பது பேர் செல்லசாமியிடம் சீட்டுக் கட்டியிருக்கிறார்கள். வித்துட்டு இந்தியாவுக்கு ஓடப் பார்க்கிறான் என்று யாரோ கத்த, நாற்பது பேரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வடை வைத்த கண்ணாடிப் பெட்டி ரோட்டில் நொறுங்கிக் கிடந்தது. காளியாயி என்ற பெண் செல்லசாமியின் முடியைப் பிடித்துத் தலையைக் கதவில் மோதிக்கொண்டிருந்தாள்.

"என் மக கல்யாணக் காசுடா! கக்குடா! கக்கு!"

அவள் புருஷன் விறகுக்கட்டையால் முதுகில் போட்டான். அண்ணன்தான் போய்ப் பிரித்தான், பல்லைக் கழற்றிய அதே அண்ணன். கட்டை அவன் நெற்றியிலும் பட்டது. மூன்று தையல்.

முதலில் மாடி ஜன்னலில் நின்று சிரித்தேன். எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை.

பலகையைச் செல்லசாமி கழற்றி உள்ளே எடுத்துப் போனார். இரத்தம் ஒழுகும் முகத்தோடு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நவம்பர் 13, வெள்ளி

கணேசமூர்த்தி முதலாளி காரில் வந்தார். கூட மூக்கன் என்றொரு தடியன். அவனுக்கு மூக்கைவிடக் கழுத்துத்தான் பெரிது.

"என்ன சோலமல, கட்டடத்த விக்கிறியாம்? ஈடு என்கிட்ட இருக்கு. விக்கிற சேதி ரோட்டுல இருக்கு."

அப்பா பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினார். யாரோ சும்மா மாட்டிய பலகை, கடையைத்தான் சொல்லியிருப்பான் என்றார்.

"கடைன்னு இல்லையே. கட்டடம்னுல்ல இருந்துச்சாம்?"

செல்லசாமிக்கு எங்கே கட்டடம்? அவர் வாடகைக்காரர். கட்டடம் எங்களுடையது. ஒரு பகிடிக்காக எங்கள் வீட்டையே விலை கூறியிருக்கிறேன். கூறு கெட்டவள்.

முதலாளி ஒவ்வொரு அறையாகப் போனார். நாலாவது காலி. மாயாண்டி இரண்டு மாதம் வாடகை தரவில்லை. செல்லசாமி கடையில் கண்ணாடி இல்லை, ஆள் இல்லை. எதிர்வரிசையில் வேறு இரண்டு கட்டடங்களில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்குகிறது. அவை நிஜம். நம் பலகையைப் பார்த்துவிட்டு, நாம் முந்திவிடுவோமோ என்று பயந்து மாட்டியிருக்கிறார்கள். நான் ஒன்று எழுதினேன், அது குட்டி போட்டுவிட்டது.

"பன்னெண்டாயிரம்" என்றார் முதலாளி.

"முப்பதாயிரம்னு நீங்கதானே மொதலாளி மதிச்சீங்க! அதே செங்கல்லு, அதே செவரு..."

"செங்கல்லையா வாங்குறாங்க? உள்ள வர்ற வாடகையத்தான் வாங்குறாங்க. பதினாலாயிரம் கடனுக்குப் பன்னெண்டாயிரம் பொருள வச்சிக்கிட்டு நான் எப்பிடிப் புதுசா எழுதுவேன்? முப்பத்தொண்ணாந் தேதி முதலக் கட்டு. இல்லாட்டி வழக்கு."

அப்பா அவர் கையைப் பிடிக்கப் போனார். மூக்கன் அப்பாவின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். தையல் மிஷினில் போய் விழுந்தார்.

மதிப்பீடு என்ற சொல்லை இன்றுதான் பிரித்துப் பார்த்தேன். மதிப்பு + ஈடு. ஈடு வைத்தவனுக்கு மதிப்பு இல்லை.

நவம்பர் 14

சாப்பாட்டில் கை வைக்காமல் அப்பா சொன்னார், "அந்தப் பலகைய எழுதுன கைய மட்டும் காட்டுங்க. கவ்வாத்துக் கத்தியால மணிக்கட்டோட எடுக்குறேன்."

அண்ணன், "விரல் விரலா எடுக்கணும்" என்றான்.

நான் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா, "ஏண்டி தின்னமாட்ற?" என்று கேட்டாள்.

நவம்பர் 28, சனி

இரண்டு கிழமையாக அப்பா ஏறி இறங்காத படி இல்லை. வங்கியில் உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். நுவரெலியாவில் ஒருவர் தருவார் என்று போனார். "அக்கரப்பத்தனையா? தோட்டமே காலியாகப் போகுது, அங்க ஒரு கட்டடமா?" என்று சிரித்தாராம். உடப்புசல்லாவையில் அம்மாவின் அண்ணன் ஐந்நூறு ரூபாய் தந்து, அதோடு புத்தியும் தந்தார்.

வாங்கவும் ஆளில்லை. பிரஜாவுரிமை இல்லாதவன் வாங்கினால் விலை எவ்வளவோ அவ்வளவு வரியும் கட்டவேண்டுமாம். உரிமைத் துண்டு உள்ளவனிடம் காசில்லை. காசுள்ளவனிடம் துண்டில்லை. அப்பா தோளில் மட்டும் துண்டு இருக்கிறது, முகம் துடைக்க.

மாயாண்டி நேற்று நாற்காலியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் அந்த வெற்று அறைச் சுவரைக் கையால் குத்திக் குத்தி, சுண்ணாம்பெல்லாம் சிவப்பாகியிருக்கிறது.

சொல்லிவிடலாமா? தினமும் பள்ளிக்கூடப் பையை மாட்டும்போது நினைக்கிறேன். கத்தி அடுப்படியில் தொங்குகிறது.

டிசம்பர் 5, சனி

எழுத்துக் கோணுனா கோணட்டும்.

மூக்கனும் இன்னும் ரெண்டு பேரும் காலையில வந்தாங்க. அரை வருச வட்டி அறுநூறை இன்னைக்கே எடுன்னாங்க. தவணைக்கு இன்னும் நாள் இருக்கேன்னு அப்பா சொல்லி முடிக்கல. ஒரு அறை. இடது காதுல. அப்பா அப்படியே உக்காந்துட்டாரு. துணிக்கட்டையெல்லாம் ரோட்டுல எறிஞ்சானுங்க. அம்மா ஒரு சேலைய விடாமப் பிடிச்சிக்கிட்டு இழுபட்டுப் போனா. முழங்கை தோலு உரிஞ்சிடுச்சு.

அண்ணன் வெட்டுற கத்தரிக்கோல எடுத்தான். மூக்கனோட உள்ளங்கைல எறக்கினான். அந்தப் பக்கமா முனை வந்துச்சு. நான் பார்த்தேன். மூக்கன் கத்தவே இல்ல. மத்தக் கையால ஜன்னல் கம்பிய உருவி அண்ணனோட தோள்ல போட்டான். விறகு முறியிற மாதிரி ஒரு சத்தம்.

நான் என்ன செஞ்சேன்? படியில நின்னுக்கிட்டு எல்லாத்தையும் எண்ணிக்கிட்டு இருந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. எதுக்குன்னு தெரியல.

அவர்களைத் துரத்தியது யார் தெரியுமா? செல்லசாமி. கொதிதண்ணீர்க் கேத்தலோடு.

டிசம்பர் 8

அண்ணனுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு இரண்டு துண்டு. அப்பாவுக்கு இடது காதில் ஓயாத இரைச்சல். பேசுவது பாதிதான் கேட்கிறது. கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்புகிறார். இதற்குமுன் என்றால் இதை வைத்து நான் பத்துப் பகிடி செய்திருப்பேன்.

டிசம்பர் 12, சனி

அதிசயம்! கணேசமூர்த்தி முதலாளி தானே வந்து அப்பாவின் தோளில் கை போட்டார். மூக்கன் செய்தது தப்பாம். பழைய ஈட்டைத் தீர்த்துவிட்டு வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாமாம். மூன்று வருஷம் பொறுத்திருப்பாராம். வரும் வெள்ளி அட்டனில் உறுதி எழுதிப் பதிகிற நொத்தாரிசு கந்தோருக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

"புது உறுதி எழுதித் தாராராம், மீனம்மா!" என்று அப்பா அம்மாவிடம் கத்தினார். இப்போதெல்லாம் எதையும் கத்தித்தான் சொல்கிறார். அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். இரண்டு தட்டுத் தின்றேன். துரைக்கும் கொடுத்தேன். முதுகில் முடி முளைக்காத இடத்தைத் தடவிக்கொண்டே கொடுத்தேன்.

டிசம்பர் 18, வெள்ளி

அட்டனுக்கு அப்பா என்னையும் கூட்டிப் போனார். "எனக்குக் காதும் சரியில்ல. நீ வாசிச்சுச் சொல்லு."

நொத்தாரிசு தம்பிராசா யாழ்ப்பாணத்தவர். கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். ஒரு பக்கம் கணேசமூர்த்தி. பின்னால் கையில் கட்டோடு மூக்கன். நொத்தாரிசு மந்திரம் மாதிரி கடகடவென்று வாசித்தார். தாள் அவர் கையில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. காதுதான் வேலை செய்தது. நடுவில் ஒரு சொல் உதைத்தது.

"ஐயா, இப்ப என்ன சொன்னீங்க? உறுதியா, அறுதியா?"

"அறுதி எண்டுதான் எழுதியிருக்கு, பிள்ளை. அறுதி உறுதி. ஏன், ஈடு எண்டோ நினைச்சனீர்?"

"அறுதின்னா?"

"முழு விற்பனை. இண்டையோட கட்டடம் இவருக்குச் சொந்தம். உமக்கு அது தெரியாதோ?"

அப்பா பேனாவைப் பிடித்தபடி வலது காதைத் திருப்பினார். "என்னம்மா சொல்றாரு? உறுதிதானே?"

ஒரு எழுத்து. 'உ' இருந்த இடத்தில் 'அ'. நான் 'ல்'லை 'ழ்' ஆக்கியது போலத்தான். வித்தியாசம், முதலாளி அதற்கு ஒரு கட்டடம் எடுத்துக்கொள்கிறார்.

"காசு வந்ததும் திருப்பி எழுதித் தாறேன், சோலமல. என் வாய்வார்த்த போதாதா? வை கையெழுத்த" என்று கணேசமூர்த்தி அப்பாவின் கையைப் பிடித்துத் தாளில் அழுத்தினார். நான் குனிந்து அவர் கட்டைவிரலைக் கடித்தேன். எலும்பு வரைக்கும். வாயெல்லாம் இரும்பு ருசி. மூக்கன் என் சடையைப் பிடித்துச் சுவரில் அடித்தான். ஒரு நிமிஷம் எல்லாம் வெள்ளை.

கண் திறந்தபோது அப்பா, தாளுக்கு முத்திரை குத்துகிற இரும்பைத் தூக்கியிருந்தார். எங்களைத் தவிர யாரையும் அடித்தறியாத என் அப்பா. மூக்கனின் மூக்கு இனி அந்தப் பேருக்கு ஏற்ற மாதிரி இருக்காது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது கணேசமூர்த்தி மேசைக்கடியில் போய்விட்டார்.

"என்ர கந்தோருக்குள்ள கொலையோ!" என்று நொத்தாரிசு கதவைத் திறந்துவிட்டுக் கத்தினார். "இரத்தம் பட்ட தாளில நான் கையெழுத்து எடுக்கமாட்டன். எல்லாரும் வெளியால போங்கோ!"

பஸ்ஸில் அப்பா என் வீங்கிய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "என் புள்ள கட்டடத்தக் காப்பாத்திருச்சு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் கத்திக்கொண்டே வந்தார்.

அந்தக் கஜக்கோல் எவ்வளவோ மேல்.

டிசம்பர் 22, செவ்வாய்

இன்னும் ஒன்பது நாள். விற்றுக் கடனைக் கட்டினால் மரியாதை. இல்லாவிட்டால் வழக்கு, ஏலம். ஏலத்தில் கணேசமூர்த்தி சொன்ன விலைக்கே எடுப்பார். மிச்சக் கடனுக்கு மிஷினும் போகும். வந்து பார்த்த இருவரில் ஒருவர் ஒன்பதாயிரம் என்றார். மற்றவர் சிரித்தார்.

பின்னேரம் செல்லசாமி மாடிக்கு வந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. செருப்பைப் படியில் கழற்றிவிட்டு வந்து, நின்றபடியே சொன்னார்.

"நான் வாங்கிக்கிறேன். பதினஞ்சாயிரம்."

அண்ணன் முறிந்த தோளோடு எழுந்து அவர் சட்டையைப் பிடித்தான். "எங்க சாவுல வெறகு பொறுக்க வந்தியா?" அப்பா அண்ணனைத்தான் அறைந்தார். முறிந்த பக்கம் என்று பார்க்கவில்லை.

செல்லசாமி மடியிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்தார். பிரஜாவுரிமைத் துண்டு. பத்து வருஷமாக வைத்திருக்கிறாராம். யாருக்கும் சொன்னதில்லை. காசுக்கு இறம்பொடையில் மைத்துனர்மார் இரண்டு பேர், சம்சாரத்தின் நகை. அதோடு சீட்டுக்காரப் பெண்களின் பணமும். காளியாயி உட்பட. கட்டடத்தில் பங்கு மாதிரி வருஷா வருஷம் திருப்பித் தருவாராம்.

"அந்தப் பொம்பள ஒன் தலைய ஒடச்சாளேய்யா?" என்றாள் அம்மா.

"காசப் பத்தி அம்புட்டு அக்கற உள்ளவகிட்டத்தான்க்கா கூட்டுச் சேரணும்."

"பாதிப் பேரு போகப் போறாங்கன்னு எல்லாரும் ஓடுறாங்க. நீ ஏன் வாங்குற?" என்று அப்பா கேட்டார்.

"மீதிப் பேரு தேத்தண்ணி குடிப்பாங்கல்ல?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பல் போன இடம் கறுப்பாகத் தெரிந்தது. சிரித்தாரா என்று தெரியவில்லை.

டிசம்பர் 29, செவ்வாய்

மறுபடியும் தம்பிராசா கந்தோர். மேசையில் இரும்பு முத்திரை இல்லை. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

அப்பா கையெழுத்துப் போடுமுன் தாளை என் பக்கம் நகர்த்தினார். "மொத எழுத்து என்னம்மா? உ-வா, அ-வா?"

"அ, அப்பா."

"சரி." போட்டார்.

பதினாலாயிரமும் வட்டியும் கணேசமூர்த்தியின் கைக்குப் போயின. கட்டைவிரலில் கட்டு இன்னும் இருந்தது. எண்ணுவதற்கு அவர் சிரமப்பட்டதை நான் இரசித்துப் பார்த்தேன். நொத்தாரிசு கூலியும் போக எங்களுக்கு மிஞ்சியது இருநூற்று எண்பது ரூபாய். வெளியே வந்தபோது மூக்கன் அப்பாவின் குடையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்துச் சாக்கடையில் போட்டான். அட்டனில் அடை மழை. நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

1965 ஜனவரி 1, வெள்ளி

அப்பா வாடகை கட்டினார். கடைக்கும் மாடிக்கும் சேர்த்து நாற்பத்தைந்து. "இந்தாங்க மொதலாளி" என்றார். செல்லசாமி பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

ஜனவரி 16, சனி

பொங்கல் முடிந்தது. அண்ணன் இந்தியாவுக்கு விண்ணப்பம் போடப் போகிறேன் என்கிறான். கை இன்னும் தோளுக்கு மேல் தூக்க வராது.

காலையில் செல்லசாமி கீழேயிருந்து கூப்பிட்டார். "நாகு, கடைக்குப் பேர்ப்பலகை எழுதணும். ஒன் எழுத்துத்தான் நல்லாருக்குன்னு அப்பா சொன்னாரு. வாம்மா."

மேசையில் புதுப் பெயிண்ட், தூரிகை, ஒரு பலகை. தேயிலைப் பெட்டி மூடி மாதிரி இருந்தது. விளிம்பில் ஒரு பழுப்புக் கறை. காய்ந்த இரத்தம் அந்த நிறமாகத்தான் ஆகும் என்று இந்த மூன்று மாதத்தில் படித்திருக்கிறேன். திருப்பிப் பார்த்தேன்.

இக்கட்டடம் விற்பனைக்கு.

சீவவில்லை. அழிக்கவில்லை. வட்டப் புள்ளிகள் எட்டும் எட்டுக் கண்கள் மாதிரி என்னைப் பார்த்தன.

அப்பா பக்கத்து அறையில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சுவர்தான். அவருக்கு இந்தப் பக்கம் இடது காது.

செல்லசாமி கிளாஸ் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார், "அந்தப் பக்கம் செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கட்டும். இந்தப் பக்கம் எழுது. 'செல்லசாமி பால் தேத்தண்ணிக் கடை.'"

வாய் வரைக்கும் ஏதோ வந்தது. மன்னிப்பா, வாந்தியா தெரியவில்லை.

"பால்ல 'ல்' போடும்மா" என்றார். "அப்புறம், புள்ளிய வட்டமா வைக்காத. எல்லாரும் வைக்கிற மாதிரி வை."

எழுதினேன். புள்ளியை எல்லாரும் வைக்கிற மாதிரி வைத்தேன். அவரே ஏணி போட்டு ஆணி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் பலகை சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்து, ரோட்டின் மறுபக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"நேரா இருக்கு!" என்று கத்தினார். "என் மக எழுதுனது!"

துரை வடைத் தட்டுக்குக் கீழே படுத்திருந்தான்.